சீருடை மாட்டிய துப்பாக்கிகள்

கேள்வி: அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமையாயிற்றே! தனியார் ஆயுதப்படைகளைக் குற்றமாக்க ஏன் மசோதா?

பதில்: வீட்டுப் பீரோவில் துப்பாக்கி இருப்பது வேறு. அதைத் தூக்கிக்கொண்டு படையாகத் திரண்டு ஊரை மிரட்டுவது வேறு.

1879-ல் ஹெர்மன் பிரெஸ்ஸர் என்பவர் குதிரையில், கையில் வாளோடு, துப்பாக்கி ஏந்திய சுமார் 400 பேரை சிகாகோ தெருவில் நடத்திப் போனார். தனிப்படையாக அணிவகுத்ததற்கு மாநிலச் சட்டப்படி அபராதம் 10 டாலர். அந்தச் சட்டம் செல்லும் என்று 1886-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிரெஸ்ஸரின் ஆட்கள் முதலாளிகளின் அடியாட்களுக்கு அஞ்சிச் சேர்ந்த ஜெர்மானியத் தொழிலாளிகள். என் மனசு அவர்கள் பக்கம்தான். ஆனாலும் தீர்ப்பு சரி. நல்லவர்களுக்கு ஒரு படை என்றால் கெட்டவர்களுக்கும் ஒன்று முளைக்கும்.

தனிப்படைகளைத் தடுக்க மாநிலங்களில் சட்டம் இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆளில்லை. 2020 ஏப்ரலில் மிச்சிகன் சட்டமன்றக் கட்டடத்துக்குள் துப்பாக்கிகளோடு ஆட்கள் நுழைந்தார்கள். குண்டு துளைக்காத உடுப்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் சில உறுப்பினர்கள். அதற்குப் பிறகும் மத்திய சட்டம் வேண்டாமா? 2024 ஜனவரியில் செனட்டர் எட் மார்கியும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜேமி ராஸ்கினும் கொண்டுவந்த மசோதா அதைத்தான் கேட்டது. அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்தது, மசோதாவும் காலாவதியானது. திரும்பக் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டும்.