நாயோட மலையேறப் போற பேராண்டிக்கு

நாய்க்கு மலைக்காத்து வேணும்னு சொன்னியே பேராண்டி, அதை யாரு கேட்டது? நாயா, நீயா? பெங்களூருல ஏசிக்குக் கீழ கால் நீட்டிப் படுக்கிற ஜீவன் அது. நம்ம குந்தாரப்பள்ளியில கார் விட்டு இறங்கினதும் அது மலையைத் தேடல, டீக்கடை பெஞ்சுக்கு அடியில நிழலைத் தேடுச்சு. சைபீரியாப் பக்கம் பனியில வண்டி இழுக்கன்னே வளர்த்த சாதியாம். அதைக் கொண்டாந்து, மாங்கா பழுக்கிற வெயில்ல கருங்கல் பாறை மேல ஏத்திப் படம் போடப்போறே. போடு ராசா, போடு. மூச்சு வாங்கி நாக்கு தொங்குறதைச் சிரிக்குதுன்னு நாலு பேரு நம்புவாங்க.

நீ காட்டின வீடியோவைக் கண்ணாடி மாட்டிக்கிட்டே பார்த்தேன். ஒரு பக்கம் நீலக்கடல், ஒரு பக்கம் மலை, நடுவுல ஒத்தையடிப் பாதை, ஒரு வெள்ளைக்காரி, முன்னால ஒரு நாய். இத்தாலி, பிரான்சுக் கடலோரம்னே. அழகுதான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா வீடியோக்காரன் காட்டாத சங்கதி கொஞ்சம் இருக்கு. நீஸ் பட்டணத்துக்கு வடக்கால நிக்கிற மலையில மெர்கான்தூர்னு ஒரு தேசியப் பூங்கா, 1979-ல வெச்சது. அதோட நடுக்காட்டுக்குள்ள பொதுவா நாயே ஆகாது, கவுறு கட்டியிருந்தாலும் ஆகாது. 1992-ல இத்தாலிப் பக்கமிருந்து ஓநாய் அங்க திரும்பி வந்துச்சு. வந்ததும் இடையனுங்க ஆட்டு மந்தைக்கு நடுவுல பெரிய வெள்ளைக் காவல்நாயை விட்டுட்டாங்க. அது டூரிஸ்டு நாயைப் பார்த்தா வாலாட்டாது. பைன் மரத்துல வேற ஒரு கம்பளிப்பூச்சி இருக்கு. குளிர் முடியிற காலத்துல ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசை கட்டி மரத்தைவிட்டு இறங்கும். மோந்து பார்க்கப் போன நாய்க்கு நாக்கு வீங்கும், சிலதுக்கு நாக்கே அழுகி விழும். நாய்க்குத் தோதான ஊருன்னா எங்க விடலாம், எங்க விடக்கூடாதுன்னு போர்டு வெச்ச ஊருன்னு அர்த்தம். நீ என்னடான்னா, போர்டு இல்லாத ஊருதான் தோதுன்னு நினைச்சு கிளம்பி வந்திருக்கே.

கிருஷ்ணகிரிக் கோட்டைக்கு ஏறலாம்னே. 1791-ல மேக்ஸ்வெல்னு ஒரு கும்பினித் துரை பட்டாளத்தோட வந்து கீழ்க்கோட்டையைப் பிடிச்சான். மேல்கோட்டைக்கு ஏற முடியாம திரும்பிப் போனான். அடுத்த வருசம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல ஒப்பந்தம் போட்டு, இந்த மலையும் சேர்ந்த பாராமகால் சீமையையே கும்பினிக்காரன் காகிதத்துல எழுதி வாங்கிக்கிட்டான். பாறை ஏறாமலே மலையை வாங்கினான் பாரு, அவன்கிட்ட நீ கத்துக்கணும். சரி, நீ ஏறிடுவேன்னே வெச்சுக்குவோம். அந்தக் கோட்டையும் ராயக்கோட்டையும் மத்திய தொல்லியல் துறை காவல்ல இருக்கு. காவல்ல இருக்கிற சின்னத்துக்குள்ள பராமரிப்பு வேலைக்குத் தவிர வேற எதுக்கும் மிருகத்தைக் கொண்டு போகக்கூடாதுன்னு 1959-ம் வருசத்து விதியே இருக்கு. வாசல்ல யாரும் மறிக்க மாட்டாங்கங்கிறே. மறிக்காதவன் எல்லாம் அனுமதி கொடுத்தவனா?

அப்போ காட்டுக்குப் போறேன்னே. இங்கதான் காதைக் கொஞ்சம் குடு.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காவிரி வடக்கு காட்டுயிர் சரணாலயம் இருக்கு. 2014-ல அறிவிச்சது, 500 சதுர கிலோமீட்டருக்கு மேல. 2018 மார்ச்சுல குரங்கணிக் காட்டுத் தீயில மலையேறப் போன புள்ளைங்க செத்துச்சே, அதுக்கப்புறம் மலையேத்தத்துக்குன்னே தனி விதி போட்டாங்க. வனத்துறைகிட்ட முறையாக் கேட்டு, பணம் கட்டி, அவங்க அனுப்புற ஆளோடதான் இப்போ காட்டுக்குள்ள கால் வைக்கணும். உனக்கே இவ்வளவு சடங்கு. உன் நாய்க்கு எந்த ஆதார் கார்டைக் காட்டுவே?

சட்டத்தை விடு. ஐப்பசி, கார்த்திகையில கேவுரு கதிர் முத்துற நேரத்துல பன்னேர்கட்டாவுல இருந்து ஜவளகிரி, தளி வழியா ஆனைக் கூட்டம் இறங்கும். சானமாவுக் காட்டுல தங்கும், ராத்திரியில வயல்ல விருந்து. பரண்ல காவலுக்குப் படுக்கிறவன் எவனை வேணும்னாலும் கேளு, ஆனை வர்ற ராத்திரியில நாயை அவுத்து விடாதேம்பான். ஏன்? நாய் ஆனையைப் பார்த்ததும் வீரமாக் குரைக்கும். ஆனை ஒரு தடவை காதை விரிச்சுத் திரும்புச்சுன்னா வீரம் போயிடும். ஓடும். எங்க ஓடும்? காட்டுக்குள்ளயா? அதுக்கு உலகத்துலயே பத்திரமான இடம் ஒண்ணுதான் தெரியும், உன் ரெண்டு காலுக்கு நடுவுல! அது விசுவாசமா உன்கிட்ட வரும், ஆனையும் பின்னாலயே வரும். கரடிக்கும் இதே கணக்குதான். சிறுத்தை வேற மாதிரி. அது பெரும்பாலும் உன்னைச் சீண்டாது, நாயை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடும். அதுக்கு நாய்க்கறின்னா அவ்வளவு இஷ்டம்.

காட்டுக்கு நம்ம நாயால வர்ற கேடும் உண்டு. நாய்க்கு வர்ற டிஸ்டெம்பர் வைரஸ் 1994-ல ஆப்பிரிக்காவுல செரெங்கெட்டியில ஆயிரம் சிங்கத்தைத் தூக்குச்சு. 2018-ல குஜராத்து கீர் காட்டுல செத்த சிங்கங்ககிட்டயும் அதே வைரஸைக் கண்டுபிடிச்சாங்க. சிங்கம் சாகிறதுக்கு நாய் கடிக்கணும்னு இல்ல பேராண்டி, தும்மினாலே போதும்.

உன் முகத்தைப் பார்த்தா, ‘நம்ம முன்னோர் நாயோட காட்டுக்குப் போகலையா தாத்தா’ன்னு கேக்கப் போறேன்னு தெரியுது. போனாங்க. திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர்னு ஒரு ஊரு. அங்க மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒண்ணு இருக்கு. மாட்டைக் காக்கச் செத்தவன் கருந்தேவகத்தி. அவன் பக்கத்துலயே அவன் நாயையும் செதுக்கியிருக்காங்க, நாய் பேரு கோவிவன். ரெண்டு கள்ளனைக் கடிச்சுட்டு எசமான்கிட்டயே நின்னுச்சாம். கர்நாடகாப் பக்கம் மண்டியா மாவட்டத்துல ஆதகூர்னு ஒரு ஊரு. அங்க காளின்னு ஒரு நாய் காட்டுப்பன்னியோட மோதி, ரெண்டுமே செத்துச்சு. அதுக்கும் கல்லு, 949, 950 வாக்குல நட்டது. அந்தக் கல்லு இப்போ பெங்களூரு மியூசியத்துல இருக்கு, உன் ஆபீசுல இருந்து ஒரு ஆட்டோ தூரம். போய்ப் பார்த்துட்டு வா. அந்த நாய்ங்களுக்கு வேலை இருந்துச்சு, கூப்பிட்டா வரும், நில்லுன்னா நிக்கும். உன்னுது உட்காருன்னு ஆறு தடவை இங்கிலீசுல சொன்னப்புறம், பிஸ்கட் கையில இருக்கான்னு பார்த்துட்டுல்ல யோசிக்குது!

மூஞ்சியைத் தொங்கப் போடாதே. கோட்டை ஆகாது, காடு ஆகாதுன்னா மிச்சம் ஒண்ணும் இல்லையா? நம்ம ஊருல ஏரிக்கரை இருக்கு, மாந்தோப்பு வரப்பு இருக்கு, ஆடு மேயற கரடு இருக்கு. தோட்டக்காரனை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ. ஆனா வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்னிக்கு நம்ம சந்தை. ஆட்டை வண்டியில ஏத்திக்கிட்டு நாலா பக்கமிருந்தும் ஆளு வந்து குவியற நாளு. சினையாடு ஒண்ணு உன் நாயைக் கண்டு மிரண்டு குட்டியைப் போட்டுடுச்சுன்னா, ஆட்டுக்காரன் சொல்ற விலைக்கு உன் கிரெடிட் கார்டு தாங்காது.

கவுறு கையில இருக்கணும். ‘என் நாய் ஒண்ணும் பண்ணாது’ங்கிறது எல்லா நாய்க்காரனும் சொல்ற வசனம். நம்ம ஊர் நாய்ங்க தெருவுக்குத் தெரு அத்திப்பள்ளி செக்போஸ்ட் மாதிரி எல்லை வெச்சிருக்கு. வெளி மாநில வண்டின்னா நிறுத்தி விசாரிக்காம விடாது. அதனால வெறிநாய்த் தடுப்பூசி சீட்டைப் பாரு, வருசம் தாண்டியிருந்தா திரும்பிப் போ. உன்னையே எதாவது கடிச்சுட்டா மஞ்சப்பொடி, சுண்ணாம்புன்னு வைத்தியம் பார்க்காதே. குழாயைத் திறந்துவிட்டு சோப்பு போட்டு கால் மணி நேரம் கழுவு, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியைப் போடு. சொன்ன தேதியில ஒண்ணு கூட விடக்கூடாது.

அப்புறம் பையை மறக்காதே. ஆட்டுப் புழுக்கை எரு, உன் நாய் போடறது எரு இல்ல. அதுல நாடாப்புழு முட்டை இருந்துச்சுன்னா புல்லோட ஆட்டுக்குள்ள போய், ஈரல்லயும் நுரையீரல்லயும் நீர்க்கட்டியா நிக்கும். கறி அறுக்கிறவன் உன் தலைமுறையையே திட்டுவான். தோப்புல விழுந்து கிடக்கிற மாம்பழத்தையும் கவ்வ விடாதே. கொட்டை குடல்ல மாட்டிக்கிட்டா ஆபரேசன்தான். குட்டைத் தண்ணி வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும். தண்ணியும் கிண்ணமும் நீ சுமந்துக்கிட்டுப் போ, மகராசன் வெறுங்கையோட வரட்டும்.

கிளம்புற நேரம் விடியக்காலம். எட்டு மணிக்கு மேல பாறையில புறங்கையை வெச்சுப் பாரு. அஞ்சு எண்ணுறதுக்குள்ள நீ கையை எடுத்தேன்னா, அது காலை வைக்கக்கூடாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. உள்ளங்கால்ல துளி வேர்க்கும், மத்ததெல்லாம் மூச்சு வாங்கித்தான் ஆத்தணும். வெயிலுக்குன்னு மயிரை மழிச்சும் விட்டுடாதே, அதுக்கு அதுதான் குடை. ஈறு சிவந்து, எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடுச்சுன்னா படமெடுத்தது போதும். நிழலுக்குத் தூக்கு, அடிவயித்துலயும் தொடையிடுக்குலயும் தண்ணியை ஊத்து, காத்தாட விடு, கால்நடை டாக்டருக்குப் போனைப் போடு.

தூக்குன்னு லேசாச் சொல்லிட்டேன். உன்னுது 25 கிலோ இருக்கும். கரட்டு உச்சியில அது படுத்துக்கிச்சுன்னா கேப் புக் பண்ண முடியாது, பேராண்டி. அதனால நாளைக்குக் காலையில ஒரு காரியம் செய். உங்க பாட்டி நேத்துதான் அரிசிச் சிப்பம் ஒண்ணு வாங்கி வெச்சா, அதுவும் சரியா 25 கிலோ. அதைத் தோள்ல போட்டுக்கிட்டு மொட்டைமாடிக்கு ஏறி இறங்கு, நடுவுல எங்கயும் கீழ வைக்கக்கூடாது. இறங்கினதும் அப்படியே சமையக்கட்டுல கொண்டு போய் வெச்சுடு. அதை எப்படி உள்ள கொண்டு போறதுன்னு அவ நேத்துல இருந்து புலம்பிக்கிட்டிருக்கா.