மன்னார்க் கந்தோர்களில் விழுதல்: ஒரு முதனிலை ஆய்வு

1. ஆய்வுக்களம்

மன்னார்த் தீவு மணல் தீவு. மே முதல் செப்டெம்பர் வரை சோழகம் ஓயாது. அக்காற்றின் அருமை அறிந்து 2020இல் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நிறுத்தி, ‘தம்பபவனி’ எனப் பெயர் சூட்டி, வலு 103.5 மெகாவாற் என்று கணக்கும் எழுதினார்கள். அதே காற்று கந்தோர் யன்னலால் கொண்டுவந்து கொட்டும் மணலுக்குக் கணக்கில்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு.

2. வகைப்பாடு

விழுதல் இருவகைத்து: வழுக்கல், தடக்கல். வழுக்கலில் ஊன்றிய குதிக்கால் முன்னே ஓடும். ஆள் மல்லாக்க விழுவார். தடக்கலில் கால் நின்றுவிட உடம்பு ஓடும். ஆள் குப்புற விழுவார். ஆகவே மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லும் உரிமை வழுக்கியோருக்கே உண்டு. தடக்கியோர் அதைச் சொல்வது ஆய்வு நெறிக்கு முரண்.

3. காரணிகள்

மாபிள் தரையில் மணல் கண்ணுக்குப் படாது. செருப்புக்கும் தரைக்கும் நடுவே ஒவ்வொரு மணியும் உருளும், பிடிமானம் போய்விடும். மாரியில் குடைத் தண்ணீர் அந்த வேலையைப் பொறுப்பேற்கும்.

தடக்குவதற்கு மலை தேவையில்லை. நடக்கையில் வீசும் காலின் விரல்நுனி தரையை விட்டு ஒன்றிரண்டு சென்ரிமீற்றரே எழும். ஃபானுக்கு இழுத்த வயர், நுனி சுருண்ட கால்மிதி, திறந்தபடி விட்ட கீழ் லாச்சி, இவற்றில் ஒன்றே தாராளம். நாடிவரை கோப்பு அடுக்கி, சேலைக் கொய்யகம் காலில் பட, படியிறங்கும் உத்தியோகத்தர் ஒருவரை உற்று நோக்குக. அவருக்குப் படி தெரியாது, தம் கால் தெரியாது. மேற்கோப்பில் எழுதிய ‘அவசரம்’ மட்டும் தெரியும்.

4. விழுந்தோர் நடத்தை

விழுந்தவர் முழங்காலைப் பார்க்குமுன் யார் கண்டது என்று சுற்றிப் பார்ப்பார். எவரும் காணாவிட்டால் விழுகை நிகழவேயில்லை. கண்டுவிட்டால் “ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை” என்று எழும்பி, இரண்டடி மிடுக்காக வைத்து, மூன்றாவதில் நொண்டுவார். எனவே எதுவும் பதிவாவதில்லை, பதிவில்லாததால் ஆபத்தில்லை, ஆபத்தில்லாததால் வயர் அங்கேயே கிடக்கிறது. அடுத்தவர் வருகிறார்.

5. சட்டநிலை

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தரையும் படியும் நடைவழியும் செவ்வையாகப் பேணப்பட வேண்டும் என்கிறது. அது தொழிற்சாலைக்கு. கந்தோரிலும் நாள்தோறும் கோப்பு உற்பத்தியாகிறதே என்ற வாதத்தைச் சட்ட அறிஞர்களின் பார்வைக்கு விடுகிறோம்.

6. பரிந்துரைகள்

(அ) சோழக காலத்தில் காலையோடு நில்லாது மத்தியானமும் தும்புத்தடி பிடிக்க வேண்டும்.
(ஆ) வயரைச் சுவரோரமாக இழுத்து ஒட்ட வேண்டும்.
(இ) லாச்சியைத் திறந்தவரே மூட வேண்டும்.
(ஈ) ‘ஈரத்தரை’ப் பலகை ஈரம் காயும்வரைதான். மும்மொழியிலும் எச்சரித்தபடி வருடம் முழுவதும் நின்றால், அதுவே தடக்கும்.
(உ) விழுந்தவர் வெட்கத்தை விட்டு, விழுந்த இடத்தையும் காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். மற்ற நான்கும் நடப்பது இதைப் பொறுத்தது.

இவற்றுக்குச் செலவு இல்லை என்றே சொல்லலாம். விலைமனுக் கோர வழியில்லாத பரிந்துரைகளை மேலிடம் ஏற்குமா என்பது ஐயமே. ஏற்கும்வரை, வாசகர் கீழ் லாச்சியை மூடிவிட்டுக் கதிரையை விட்டு எழும்பவும்.