தண்ணீர்க் கழிவு

பேராதனைப் பல்கலைக்கழகம் ஹந்தானை மலையின் காலடியில் இருக்கிறது. மலையில் தேயிலை, தேயிலைக்குள் வரிசைவீட்டு லயம், லயத்துக்குள் ஆட்கள். ஆய்வுப்பொருள் இவ்வளவு கிட்டத்தில் வாய்த்த கலைப்பீடம் வேறெங்கும் இருக்காது. பஸ் காசுகூட மிச்சம். வளாகம் எழும்பிய இடமே முன்பு நியூ பேராதனைத் தோட்டம்தான். 1952இல் கலைப்பீடம் கொழும்பிலிருந்து மலையேறி வந்தபோது இந்திய வம்சாவளி லயத்து ஜனங்கள் நாடற்றவர்களாகி நாலு வருடம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களைத் துடைத்துப் போட்டிருந்தது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் பேர்போன அரசியலமைப்பு நிபுணர்; சோல்பரி அரசியலமைப்பில் அவர் கையும் உண்டு. அதன் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் காப்பு என்றார்கள். காப்பின் லட்சணத்தை 1953இல் கோடாக்கன் பிள்ளை வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் காட்டிவிட்டது: பிரஜாவுரிமைச் சட்டம் செல்லும், போய் வாருங்கள்.

இன்று காலம் மாறிவிட்டது. இன்று எல்லோருக்கும் லயத்தின்மேல் ஆர்வம். பேராதனைக்காரருக்கு மட்டுமல்ல, கொழும்புக்காரருக்கும் கப்பலேறி வருகிறவருக்கும்தான். கருத்தரங்கில் பேச்சாளரை அறிமுகப்படுத்தும்போது ஆய்வு ஆர்வம் என்று வாசிப்பார்களே, அந்தப் பட்டியலைக் கேளுங்கள்: அடையாளம், புலம்பெயர்வு, நினைவு, உடல், வெளி. உடல் என்றால் கொழுந்து எடுக்கிறவளின் உடல். வெளி என்றால் பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. 2023இல் மலையக மக்கள் வந்து 200 வருடம் என்றதும் ஆர்வம் கரை புரண்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் ஜனங்கள் நடந்தார்கள். கொப்புளம் நடந்தவர்களுக்கு, கட்டுரை மற்றவர்களுக்கு.

சும்மா வருகிற ஆர்வமும் அல்ல. பல்கலைக்கழக ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 35 ஆராய்ச்சிப் படி உண்டு. இருக்கட்டும், கேட்டு வாங்கியதுதான். மலையில் 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டு 2015இலிருந்து தொண்டை கிழியக் கத்தி, 2021இல்தான் அது வர்த்தமானிக்கு வந்தது. அதிலும் 100 ரூபா நிவாரணப் படி. 2024 செப்டெம்பரில் 1,350. அதுவும் முழுப்பேர், அதாவது முழுநாள் கணக்கு, விழுந்தால்தான். பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும், குறைந்தால் அரைப்பேர். "இந்த வருடம் உங்கள் கட்டுரை கனம் போதாது, அரைப்பேர்தான்" என்று எந்த விரிவுரையாளரிடமாவது எந்தத் துணைவேந்தராவது சொன்னதுண்டா?

சொல்லிப் பார்க்கலாமே. கட்டுரைகளைக் கொழுந்து மடுவத்துக்குக் கொண்டு வாருங்கள். தராசில் தொங்கவிட்டதும் கணக்கப்பிள்ளை முதலில் தண்ணீருக்குக் கழிப்பார், பிறகு சாக்குக்குக் கழிப்பார். மண்டை பிளக்கிற வெயிலிலும் தண்ணீருக்குக் கழிப்பார். அது அவர் சாமர்த்தியம். அதே கை இதையும் நிறுக்கட்டும். ஃபூக்கோவுக்கு இரண்டு கிலோ கழிவு. ஸ்பிவாக்குக்கு மூன்று: விளிம்புநிலையாள் பேச முடியுமா என்று அம்மையார் 1988இல் கேட்டார், இங்கே ஆட்கள் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள், கேட்க வந்தவர்தான் ரெக்கோர்டரை நிறுத்திவிட்டு வேனில் ஏறிவிட்டார். தன்னுடைய பழைய கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதெல்லாம் சாக்குக் கழிவு. கடைசியில் 'மேலும் ஆய்வு தேவை' என்று ஒரு வரி வருமே, அது முற்றல் இலை, பொறுக்கி எறிய வேண்டியது. மிஞ்சுவது என்ன? லயம் பழசு, சம்பளம் போதாது, கூரை ஒழுகுகிறது. இதற்கு ஏன் கலாநிதிப் பட்டம்? மழை நாளில் போய் உட்கார்ந்தால் தலையிலேயே விழுமே.

கேள்விக்கொத்தோடு வருகிறவர்களை இஸ்தோப்பில் பாய் விரித்து உட்காரவைத்து, பிளேன்டியும் கொடுத்துத்தான் பதில் சொல்கிறார்கள். கக்கூஸ் உள்ளேயா வெளியேயா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வீட்டு வசதியில் உங்கள் திருப்தி ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எத்தனை? கொழுந்துக்கறை படிந்த விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு அந்த அம்மா கேட்கிறாள்: "போன தடவ வந்த பிள்ளைக்கு என்னா சொன்னேன் மிஸ்?"

"கடைசியாக ஆய்வுக்கு வந்து போன பிறகு ஏதாவது மாற்றம் தெரியுதா அம்மா?"

"அந்தப் பிள்ளை செவப்புக் கொடை கொண்டாந்திச்சு. நீங்க கறுப்பு."

பிறகு சம்மதப் படிவம். இங்கிலீசில். விருப்பமில்லையென்றால் எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் இந்த ஜனங்களில் 975,000 பேரை மேசையில் போட்டு, இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பிறகு பார்க்கலாம் என்று கூறு போட்டார்களே, அன்றைக்கு இந்தப் படிவத்தை யாரும் நீட்டவில்லை.

பேராதனைக்கு நல்ல காலமே இருந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். அறுபதுகளில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை வளாக மேடையில் ஏற்றினார். அண்ணாவியார் பழக்க, மாணவர்கள் ஆடினார்கள். மலைக்கு அப்படிச் செய்தவரோ மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை; பேராசிரியரே இல்லை. தொழிற்சங்கக்காரர், 1947 பாராளுமன்றத்தில் தலவாக்கலை உறுப்பினர். மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து வைத்தது அவர். அதை அடிக்குறிப்பில் போட்டுப் பட்டம் வாங்கியது மற்றவர்கள்.

கென்யாவின் நைரோபியில் வேறு மாதிரி ஒரு பேராசிரியர் இருந்தார், கூகி வா தியாங்கோ. 1968இல் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, ஆங்கிலத் துறையையே இழுத்து மூடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தவர். அதோடு நிற்கவில்லை. லிமுறுவும் தேயிலை விளைகிற ஊர்தான். அங்கே கமிரித்து கிராமத்தில், 1977இல், தோட்டக் கூலிகளும் குடியானவர்களும் தங்கள் கிகுயு மொழியில் நடித்த நாடகத்தை இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார். கூலிக் கணக்கு மேடையேறியதும் அரசாங்கம் தடை போட்டது. வருடக் கடைசி நாளில் ஆளைத் தூக்கி ஒரு வருடம் உள்ளே வைத்தார்கள். 1982இல் அந்த ஜனங்கள் கட்டிய அரங்கையும் இடித்துப் போட்டார்கள். நம்முடைய ஆர்வலர்களின் ஆய்வுக்காக ஒரு தோட்டத்துத் துரை இதுவரை தேநீர்க் கோப்பையைக்கூடக் கீழே வைத்ததில்லை. கேட்டால் கேட் திறந்து பங்களாவில் சாப்பாடும் போடுகிறார்.

ஏன் போடமாட்டார்? ஜனவசம போன்ற அரச தோட்டங்களில் ஊழியர் சேமலாப நிதி வருடக்கணக்காக நிலுவையில் கிடந்திருக்கிறது. சம்பளத்தில் பிடித்த காசையே உரிய இடத்தில் கட்டவில்லை. பாராளுமன்றத்திலேயே பேசப்பட்ட விசயம் இது, இரகசியமில்லை. இதைத் திருட்டு என்று எழுதினால் ஆய்விதழ் எடுக்காது. 'பின்காலனியப் பெருந்தோட்டத்தில் எதிர்காலத்தின் தள்ளிப்போடல்' என்றால் எடுக்கும். கட்டுரை வெளிவந்து, பதவி உயர்வும் வந்து, காசு மட்டும் வராது.

கேள்விகள் முடிந்து மிஸ் எழும்பும்போது அந்த அம்மா உள்ளே போய், தகரப் பெட்டியிலிருந்து ஒரு கவரை எடுத்து வருகிறாள். புருசன் செத்து மூன்று வருடம், இன்னும் அவன் சேமலாபக் காசு வரவில்லை. தொழில் திணைக்களத்துக் கடிதம் ஒன்று வந்திருக்கிறது, அதுவும் சிங்களத்தில். "இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க மிஸ்."

மிஸ் வாங்கிப் பார்த்தார். அது தன்னுடைய ஆய்வுப் பரப்புக்குள் வராது என்றார். திருப்திக்கு இரண்டு என்று போட்டுக்கொண்டு போனார்.