எந்தப் ‘பொன்னியின் செல்வன்’?

கேள்வி: கல்கியின் நூல்களைச் சேர்க்கிறேன். ‘பொன்னியின் செல்வ’னுக்கே ஏகப்பட்ட பதிப்புகள்! எதை வாங்குவது?
– வாசகர், ஜமுனாமரத்தூர்

பதில்: எல்லாவற்றையும் வாங்கினால் வீட்டில் கதாநாயகன் வந்தியத்தேவனின் குதிரைக்குத்தான் இடமிருக்கும், உங்களுக்கு இருக்காது! கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். புதுப் பதிப்புகள் எங்கும் போய்விடாது. படிப்பதற்கு ஒரு செட் போதும். சுருக்கப் பதிப்பா என்று மட்டும் பாருங்கள். ஐந்து பாகமும் முழுசாக வேண்டும்.

பணத்தையும் பொறுமையையும் பழைய பைண்டுக்கு வையுங்கள். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்ததைப் பிரித்தெடுத்து, யாரோ ஒரு பாட்டி கோணல்மாணலாகத் தைத்த கட்டு. மணியத்தின் ஓவியம், பின்பக்கத்தில் அந்தக் காலத்து விளம்பரம், ஓரத்தில் எண்ணெய்க் கறை. ஒரு பாகம்தான் கிடைத்தாலும் விடாதீர்கள். உங்கள் ஊர் மலை ஈரம் பொல்லாதது. சுவரை ஒட்டி அடுக்காதீர்கள்.