ஆண்டு மட்டும் புதிது

2003-இல் வேர்ட்பிரஸ் வந்தபின், நிரல் தெரியாதவரும் இணையதளம் நடத்தலாம் என்றானது. நடத்தலாம்தான், யார் நடத்துவது? மென்பொருளே போட்டுத் தரும் ‘ஹலோ வேர்ல்ட்!’ மாதிரிப் பதிவு இன்றும் எத்தனையோ தளங்களில் அழிக்க ஆளின்றிக் கிடக்கிறது. அடியில் காப்புரிமை ஆண்டு மட்டும் ஜனவரி முதல் தேதி டாண் என்று மாறிவிடும். அதற்கு ஒரு வரி நிரல் போதும். மேலே ‘புதிய செய்திகள்’ பகுதியில் என்றோ முடிந்துபோன டெண்டர் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும்.

கருவியைக் குறை சொல்லலாமா என்பீர்கள். நியாயம். நிர்வாகி, ஆசிரியர், எழுத்தாளர், பங்களிப்பாளர் என்று அது பொறுப்புகளைப் பிரித்தே தந்திருக்கிறது. நாம்தான் நால்வருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து, அதையும் வேலையை விட்டுப் போனவரிடமே விட்டுவைக்கிறோம். பிளக்இன் வாங்க ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் எழுதுகிறவருக்கும் கொடுங்கள், ஐயா.