பனி உறையாத சேலையூர்

கேள்வி: வலைதளத்தில் போட, உரிமத்தோடு ரெடிமேட் கட்டுரைகள் மொத்தமாக விற்கிறார்களே, என் பிளம்பிங் கடைக்கு வாங்கலாமா?
– ஒரு வாசகர், சேலையூர்

பதில்: தாராளமாக வாங்குங்கள், அப்படியே போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அமெரிக்கச் சரக்கு. ‘பனிக்காலத்தில் குழாய் உறைந்துவிட்டதா?’ என்று அக்கறையாக விசாரிக்கும். சேலையூரில் குழாய் உறைந்தால் வண்டலூர் பூங்காவுக்குப் போகிற கூட்டமெல்லாம் கேம்ப் ரோட்டுக்குத் திரும்பிவிடும்! நம் கவலை வேறு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் மூழ்கியதே, அங்கே மோட்டாரை எந்த உயரத்தில் வைப்பது? உப்புத் தண்ணீர் குழாயை எப்படி அடைக்கும்? அதை எழுதுங்கள். திருத்தி முடித்தபின் வாங்கியதில் முற்றுப்புள்ளிகள் மட்டும் மிஞ்சினால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதே கட்டுரையைக் குரோம்பேட்டைக் கடைக்காரரும் வாங்கியிருப்பார். இப்படிப் பயனில்லாமல் மொத்தமாகக் குவிக்கும் சரக்கை கூகுள் 2024 மார்ச்சிலேயே குப்பைப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

உரிமத்தாளைப் பத்திரமாக வையுங்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அதன் ஆயுள் 5 ஆண்டுகள்தான்.