இலைப்படம் போட்ட பனியன்

ஐரோப்பியக் கடைகளில் தொங்கும் பனியனின் கழுத்தைப் பாருங்கள். சொரசொரப்பான பழுப்பு அட்டை, சணல் கயிறு, ஓரத்தில் ஒரு பச்சை இலை. பூமியை நேசிக்கிறார்களாம்! நேசிப்பவர்கள் அதைக் கயிற்றில் கட்டித்தான் தொங்கவிடுவார்கள் போலிருக்கிறது.

அந்த நேசத்தை ருசி பார்த்தது, அந்தப் பனியன்களைத் தைக்கும் திருப்பூரின் நொய்யல் ஆறு. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த அதன் ஒரத்துப்பாளையம் அணையில் பட்டறைகளின் சாயத்தண்ணி வந்து தேங்கியது. தண்ணீர் விடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயி, சாமி, விட்டுடாதீங்க என்று கும்பிட்டார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை இழுத்து மூடச் சொன்னது. அந்த வழக்கில் விவசாயி நின்றார், பட்டறைக்காரர் நின்றார், அரசு நின்றது. துணியை வாங்கிய வெளிநாட்டு பையர் மட்டும் அடுத்த சீசனுக்குக் கலர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. பக்கம் பக்கமாகக் கேள்வித்தாள் அனுப்புகிறார். தண்ணீர் எவ்வளவு? கார்பன் எவ்வளவு? மறுசுழற்சி எவ்வளவு? எல்லாம் எழுதி முடித்த பிறகு கடைசியாக ஒன்று கேட்பார்: பீஸுக்கு எத்தனை சென்ட் குறைப்பீர்கள்? கழிவுநீரைக் காய்ச்சி உப்பாக்கி மூட்டை கட்டும் செலவு பட்டறைக்காரர் தலையில். அவர் இறக்கிவைப்பது ஜாப் ஒர்க் செய்பவர் தலையில். அவர் இறக்கிவைப்பது பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்ணின் தலையில். இலை மட்டும் பையர் கணக்கில்.

பையரின் ஆள் வந்து ஆலையைச் சோதிக்கும் ஆடிட் நாளன்று பாருங்கள். சுவரில் சுண்ணாம்பு, தீயணைப்பான் மேல் தூசி இல்லை, ஆளுக்கொரு மாஸ்க். சாயங்காலம் மாஸ்க்கை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

சிரிப்பதற்கில்லை. 2012 ஆகஸ்டில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலைக்கு, தொழிலாளர் நலனுக்கான எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்தது. செப்டம்பர் 11-இல் தீப்பிடித்தது. ஜன்னலுக்குக் கம்பி, கதவுக்குப் பூட்டு. 250-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சான்றிதழ் காலாவதியாகவில்லை, ஆட்கள்தான் காலாவதியானார்கள்.

கனவான்களே, கேள்வித்தாள் போதும். உங்கள் பர்சேஸ் ஆர்டரில் ஒரே ஒரு வரி சேருங்கள்: 'தண்ணீர் சுத்திகரிப்புக்கு, பீஸுக்கு இவ்வளவு.' அங்கே தொகை எழுதக் கை கூசுகிறதா? அப்படியானால் அட்டையில் இலை எதற்கு? உங்கள் முகத்தையே அச்சடித்துக்கொள்ளுங்கள்.